வாய்வு என்று பெயர் வைப்பதற்கு முன்

கேள்வி:

டாக்டர், எனக்கு 49 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். பாலர் பள்ளியில் 14 வருடமாகத் தமிழ் ஆசிரியை. மூன்று மாதமாக உடம்பில் ஏதோ சரியில்லை. பஸ் பிடிக்க மேம்பாலம் ஏறினால் மேல்வயிற்றிலிருந்து நெஞ்சு வரைக்கும் வாய்வு வந்து அடைக்கிறது. சில நேரம் தாடை வரை இழுக்கிறது. மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் ஒரு ஏப்பம் வந்து சரியாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஓமத்தண்ணீர் குடித்து, நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொள்வேன். போன வாரம் சந்தையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு சமதரையில் வரும்போதும் வந்தது. அதோடு ஓயாத சோர்வு. இரவில் இரண்டு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறேன். மாதவிலக்கும் ஒழுங்காக இல்லை, வந்தால் அதிகமாகப் போகிறது. என் கணவர் "வயசாகுதுல்ல" என்கிறார். என் தோழி, "உடம்பு சொல்றதைக் கேளு, அதுவே தன்னைச் சரிபண்ணிக்கும். டெஸ்ட் எடுக்கப் போனா இல்லாத நோயெல்லாம் சொல்லுவாங்க" என்கிறாள். உடம்பு சொல்வதைக் கேட்பது என்றால் என்ன, டாக்டர்? எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்குப் பயப்பட வேண்டும்? என் அப்பா 54 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். அதனாலோ என்னவோ, டாக்டரிடம் போகவே பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு உங்களுக்குத் தனியாக நான்கு வரி எழுதி அனுப்பினேன். அதை இங்கேயும் முதலில் தருகிறேன். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அதே நான்கு வரி இன்றைக்கே தேவைப்படலாம். "இது வாய்வாக இல்லாமல் இருக்கலாம். ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது, இப்போது முன்பைவிடச் சின்ன வேலைக்கே வருகிறது. இன்றே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். சும்மா இருக்கும்போது வந்தாலோ, நின்று சில நிமிடம் ஆகியும் விடவில்லை என்றாலோ, உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்."

நீங்கள் அன்று மாலையே போயிருக்கிறீர்கள். உள்ளே சேர்த்துக்கொண்டார்கள், சோதனைகள் நடக்கின்றன என்று உங்கள் மகள் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. பெயரை நீக்கிக் கடிதத்தை வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி. நீங்கள் கேட்டது பெரிய கேள்வி. படுக்கையில் இருக்கும்போது மெதுவாகப் படித்துக்கொள்ளுங்கள்.

உடம்பு பேசுகிறது என்று உங்கள் தோழி சொன்னது உண்மைதான். ஆனால் அது தெளிவாகப் பேசும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் சிக்கல். விரலில் முள் குத்தினால் எந்த விரல், எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். உள்ளுறுப்புகளுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. இதயத்திலிருந்து வலியைச் சுமந்துவரும் நரம்புகள் மேல்முதுகு மட்டத்தில் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. நெஞ்சுக்கும் கையின் உட்புறத்துக்கும் உரிய நரம்புகளும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. செய்தி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. அதனால்தான் இதயம் தவிக்கும்போது ஒருவருக்கு இடது கை கடுக்கிறது, இன்னொருவருக்குத் தாடை இழுக்கிறது, வேறொருவருக்கு மேல்வயிறு அடைக்கிறது. வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் என்ற மெல்லிய தசைத் தடுப்பு ஒன்றுதான். உங்களுக்கு வந்ததை வயிறு என்று நீங்கள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

எனக்கு வருத்தம் "வாய்வு" என்ற சொல்லின் மேல்தான். இருபது வருடத்துக்கும் மேலாக இந்த ஊரில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். நம் மக்கள் வாயில் இந்தச் சொல் வராத நாளில்லை. முதுகு பிடித்தால் வாய்வு, தோள் பிடித்தால் வாய்வு, நெஞ்சு அடைத்தால் வாய்வு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதையே "கேஸ்ட்ரிக்" என்று மாற்றிச் சொல்வார்கள். ஒரு பெயர் வைத்துவிட்டால் மனசு அடங்கிவிடுகிறது, அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஓமத்தண்ணீர் குடித்தீர்கள், சரியாகிவிட்டது. ஆனால் சரியானது ஓமத்தாலா, நீங்கள் நின்றதாலா? கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மேம்பாலத்தின் மேலே நின்ற இரண்டு நிமிடத்திலேயே விட்டுவிட்டது. ஓமத்தண்ணீர் அதற்கு அப்புறம் வீட்டில் குடித்தது.

மேம்பாலம் ஏறும்போது இதயத்துக்கு அதிக ரத்தம் வேண்டும். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது போதுமாக இருந்த ரத்தம் ஏறும்போது போதாமல் போகும். அப்போது நெஞ்சு அடைக்கும். நின்றால் தேவை குறையும், அடைப்பும் விடும். பொதுவாகக் குழாயின் குறுக்களவில் 70 விழுக்காடு அளவுக்குக் குறுகிய பிறகுதான் இந்த அடையாளமே தெரிய ஆரம்பிக்கிறது. உண்மையான வாய்வுத் தொல்லைக்கு மேம்பாலத்தின் படிக்கணக்கு தெரியாது. அது சாப்பாட்டை ஒட்டி வரும், குனிந்தால் வரும், படுத்தால் கரிக்கும். நடையோடு வந்து ஓய்வோடு போகிற வாய்வை நான் நம்புவதில்லை. ஏப்பம் வந்ததும் சரியானது, மருந்துக்கடையில் வாங்கிய வயிற்று மருந்தால் சரியானது என்பதெல்லாம் இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றே அல்ல.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1998-இல் நான் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தினமும் காலையில் மூன்று புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) தள்ளியிருந்த காப்பிக்கடைக்கு நடந்து போய்த் தே, அதாவது தேநீர், குடித்துவிட்டு வருவார். அந்த வருடம் திடீரென்று எங்கள் புளோக் கீழேயே இருந்த கடைக்கு மாறிவிட்டார். "அங்க தே முன்ன மாதிரி இல்லம்மா" என்றார். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து யாரிடமாவது பேசிவிட்டுத்தான் வருவார். அப்பாவுக்கு வயதாக ஆகப் பேச்சு கூடிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். கேட்டால் "கேஸ்ட்ரிக்தான்" என்பார். பாடப் புத்தகத்தில் இதே நோயை அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நடந்துகொண்டிருந்தது அதுதான் என்று எனக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மாரடைப்பு வந்தது. பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. அதற்குப் பிறகு 11 வருடம் இருந்தார், அந்த மூன்று புளோக் தூரத்தை ஒருநாளும் மறுபடி நடக்கவில்லை.

அன்றிலிருந்து நோயாளிகளிடம் "என்ன செய்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "ஆறு மாதத்துக்கு முன்பு செய்துகொண்டிருந்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள்?" என்றும் கேட்பேன். உடம்பு பல நேரம் வலியாகப் பேசாது. நம் பழக்கத்தை நமக்கே தெரியாமல் மாற்றிவிடும். படியில் இறங்கியவர் லிஃப்டுக்குக் காத்திருப்பார். ஒரு தலையணை வைத்தவர் இரண்டு வைப்பார், தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. மாலையில் செருப்பு இறுக்குகிறது என்று அடுத்த அளவு வாங்குவார்கள், கால் வீங்குகிறது என்று நினைக்க மாட்டார்கள். இதையெல்லாம் கூட இருப்பவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். உங்கள் கணவர் "வயசாகுது" என்று சொல்வதற்குப் பதிலாக, "நீ முன்ன மாதிரி வேகமா நடக்கிறதில்லையே, எப்போதிலிருந்து?" என்று கேட்டிருந்தால் உங்களுக்கு மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

ஆக, உடம்பு சொல்வதைக் கேட்பது என்றால் என் அனுபவத்தில் அது இதுதான்: பெயர் வைக்காமல் விவரம் சொல்வது. எப்போது வருகிறது, என்ன செய்யும்போது வருகிறது, எதனால் போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்போதிலிருந்து, கூடுகிறதா குறைகிறதா. வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குமே, அதில் வந்த தேதியில் இரண்டு சொல் எழுதினால் போதும். "மேம்பாலம், 2 நிமிடம்." "பை தூக்கினேன், 4 நிமிடம்." ஒரு மாதத்துக் காலண்டரைப் பார்த்தாலே ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரிந்துவிடும். வலியின் அளவைப் பார்த்துப் பயப்படுவதைவிட அதன் போக்கைப் பார்ப்பது நல்லது. கால் கட்டைவிரலை மேசையில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், அதில் ஆபத்து ஒன்றுமில்லை. உங்களுக்கு மேம்பாலத்தில் வந்ததை வலி என்றுகூட நீங்கள் எழுதவில்லை. பெண்கள் பலரும் அப்படித்தான். மாரடைப்பு வரும்போதே "வலி இல்லை டாக்டர், அழுத்துது", "மூச்சு வாங்குது", "உடம்பெல்லாம் வேர்த்து ஒரே அசதி" என்பார்கள். நீரிழிவு இருப்பவர்களுக்கு நரம்புகள் மழுங்கிப்போவதால் அந்த அழுத்தம்கூடத் தெரியாமல் போகலாம்.

இந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லும் இடத்தில் நம்மவர்களுக்கு இன்னொரு தடங்கல் வருகிறது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா "நெஞ்சு அடைக்குதும்மா, ஏறினா வருது" என்று சொல்வார். கூட வந்த பிள்ளை அவசரத்தில் "கேஸ்ட்ரிக் பெயின்" என்று மொழிபெயர்க்கும். "ஏறினா வருது" என்ற உயிரான சொல் அங்கே விழுந்துவிடும். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அம்மா சொன்னதை அப்படியே சொல்லு, சுருக்காதே. அரசு மருந்தகமான பாலிகிளினிக்கில் தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கிறாரா என்று கேட்கலாம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அங்கே கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அதனால் முக்கியமானதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தூக்கம் இல்லை, முட்டி வலி, மருந்து தீர்ந்துவிட்டது என்று எல்லாம் பேசி முடித்துக் கதவுப் பிடியில் கை வைத்த பிறகு "ஆங் டாக்டர், நடந்தா நெஞ்சு பிடிக்குது" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வலி வந்து போன பிறகு, படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சரியாகவே இருக்கலாம். அதை வைத்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனை, நடக்க வைத்துப் பார்க்கும் சோதனை, தேவைப்பட்டால் குழாயையே படம் எடுத்துப் பார்ப்பது என்று அடுத்தடுத்து இருக்கின்றன. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் ஈசிஜி காட்டினாலும் அது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது.

இனி, உடம்பு சொல்லாமல் விடுவதைப் பற்றி. உங்கள் தோழியிடம் நான் முற்றிலும் வேறுபடுவது இங்கேதான்.

ரத்தத்தில் சர்க்கரை வெறும் வயிற்றில் 7.0-ஐத் (mmol/L கணக்கில்) தொட்டாலே அது நீரிழிவு. ஆனால் சுமார் 10-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீரில் விடும். வெளியேறும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போதுதான் அடிக்கடி சிறுநீர், தாகம், சோர்வு. ஏழுக்கும் பத்துக்கும் நடுவே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது உடம்பு ஒரு வார்த்தை பேசாது, ஆனால் கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் சேதம் நடந்துகொண்டிருக்கும். ரத்த அழுத்தம் இன்னும் மோசம். 170 இருக்கிறவர் என் எதிரே சிரித்துக்கொண்டு உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் பண்ணல டாக்டர்" என்பார். பிரஷர் ஏறினால் தலை வலிக்கும் என்பது நம் ஊரில் பலரும் நம்புவது. பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரியாது. கொழுப்புக்கோ சொல்வதற்கு வாயே கிடையாது. இந்த மூன்றையும் கேட்க வழி ஒன்றுதான்: கையில் பட்டையைச் சுற்றி அளப்பது, ஊசியில் ரத்தம் எடுப்பது. டெஸ்ட் எடுப்பதால் நோய் வருவதில்லை. ஏற்கெனவே இருந்தது தெரியவருகிறது.

வலிக்காததைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இடது கண் துடித்தால் உடனே பலன் பார்ப்போம், காலண்டரைப் புரட்டுவோம். மார்பில் வலியில்லாத கட்டி இருந்தால் "வலிக்கலியே" என்று விட்டுவிடுவோம். வலியில்லாத கட்டி, வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம், மலத்தில் ரத்தம், மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபிறகு வரும் ரத்தப்போக்கு, நீரிழிவு உள்ளவர் காலில் வலிக்காத புண், முயற்சி செய்யாமலே இளைப்பது. இவற்றில் எதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணியது, கை தொங்கியது, பேச்சு குழறியது, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்றால் அதுவும் 995-தான். சரியானது நல்ல சேதி அல்ல, அது பெரியது வருமுன் வந்த சின்ன பக்கவாதம். சரியாகவில்லை என்றால் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடக் கூடாது. அவசரமில்லாத ஆம்புலன்சுக்கு 1777 என்று ஒரு எண் உண்டு, நெஞ்சுவலிக்கோ பக்கவாதத்துக்கோ அதை அழைக்கக் கூடாது.

உங்கள் மற்ற அடையாளங்களுக்கு வருகிறேன். இரவில் சிறுநீருக்கு எழுவதற்குக் காரணம் சர்க்கரையாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறாகக்கூட இருக்கலாம். படுக்கும் முன் குடிக்கும் தேநீராகவும் இருக்கலாம். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். மாதவிலக்கு தாறுமாறாவது 50-ஐ ஒட்டிய வயதில் எதிர்பார்க்கக்கூடியதுதான், ஆனால் அதிகமாகப் போவதை அப்படி விட முடியாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கினால் பெண்களுக்கு ரத்தசோகை. ரத்தசோகை இருந்தால் சோர்வு வரும், மூச்சு வாங்கும், ஏற்கெனவே குறுகிய குழாயுள்ள இதயத்துக்குச் சுமை இரட்டிப்பாகும். இரண்டும் சேர்ந்து இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் அங்குள்ள மருத்துவரிடம் இதையும் விடாமல் சொல்லுங்கள், "பொம்பள விஷயம்" என்று தனியாக ஒதுக்கி வைக்காதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுக்கப்போகிறார்கள் என்றால் அவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது: பிள்ளைகளை விட்டுப் போக முடியாது என்று காலை ஏழரையிலிருந்து மதியம் வரை சிறுநீரை அடக்குகிறீர்கள். அடக்க வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறீர்கள். பாலர் பள்ளி ஆசிரியைகள் சிறுநீர்த் தொற்றோடு என்னிடம் வருவது அடிக்கடி நடப்பது. தாகம், பசி, சிறுநீர், தூக்கம் ஆகிய நான்கும் உடம்பு மிகத் தெளிவாகப் பேசும் இடங்கள். அதே நான்கைத்தான் நாம் முதலில் வாயடைக்கிறோம். நாளெல்லாம் குளிர்சாதன அறையில் இருந்தால் தாகம் தெரியாது. வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். (இதய மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.) பசியும் அப்படித்தான். மணி பத்தானால் காப்பிக்கடைத் தேவும் பிஸ்கட்டும் என்பது பழக்கம், பசி அல்ல. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பத்து நிமிட இடைவேளையில் விழுங்குகிறவருக்கு அந்தச் சேதி வந்து சேருமுன் இரண்டாவது பரோட்டாவும் உள்ளே போயிருக்கும். தேநீரை விட மனமில்லை என்றால் "கோசோங்", அதாவது சர்க்கரை இல்லாமல், என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

உங்கள் பயத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். அப்பா 54 வயதில் தூக்கத்தில் போனார் என்று கடிதத்தின் கடைசியில், கிட்டத்தட்ட போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் முதல் வரி. பயந்தவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர் உடம்பை நொடிக்கு நொடி கேட்பார்கள், ஒரு படபடப்பு வந்தால் இரவு முழுக்கக் கைப்பேசியில் தேடுவார்கள், தேடத் தேடப் படபடப்பு கூடும். அவர்களுக்கு நான் சொல்வது: ஒரு தடவை முறையாகச் சோதித்துக்கொள்ளுங்கள், பிறகு காலண்டரில் எழுதுங்கள், கைப்பேசியில் தேடாதீர்கள். நீங்கள் இரண்டாவது வகை. கேட்டால் என்ன சொல்லிவிடுமோ என்று காதைப் பொத்திக்கொண்டவர். அதில் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவை அப்படி இழந்தவருக்கு அது இயல்பு. ஆனாலும் உங்கள் கை மூன்று மாதம் கழித்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. ஏதோ ஒன்று உங்களுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு செய்ய வேண்டியவை. மருந்தை வலி நின்றதும் நிறுத்தாதீர்கள், அவற்றில் பல வலிக்காகக் கொடுப்பதே அல்ல. வழக்கமாகப் பார்க்க ஒரே குடும்ப மருத்துவரை வைத்துக்கொள்ளுங்கள். அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது, 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேரலாம். அதில் சேர்ந்தால் உங்கள் கதை முழுவதும் தெரிந்த ஒருவர் வருடா வருடம் உங்களைப் பார்ப்பார். நேற்றைய உங்களைத் தெரிந்தவருக்குத்தான் இன்றைய மாற்றம் கண்ணில் படும். அடுத்த வருடம் 50 ஆகும்போது மார்பகப் படம், மலப் பரிசோதனை இரண்டையும் அவரே நினைவூட்டுவார். கருப்பை வாய்ப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்றும் கேட்பார், ஞாபகம் இல்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். எடையைவிட இடுப்பைப் பாருங்கள், நம் இனப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. நடைப்பயிற்சி எப்போது, எவ்வளவு என்பதை இதய மருத்துவர் சொல்லும்வரை மேம்பாலம் வேண்டாம், சந்தைப் பையைப் பிள்ளைகள் தூக்கட்டும்.

தோழியோடு சண்டை போடாதீர்கள். உங்கள் மேல் உள்ள அன்பில் சொன்னார். அவருக்கும் 40 தாண்டியிருக்கும். பார்க்க வரும்போது, கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தாய் என்று கேளுங்கள்.

மகள் எழுதிய மின்னஞ்சலில், உங்களுக்கு 46 வயதில் தம்பி ஒருவர் இருக்கிறார், துவாசில் வேலை, புகைப்பழக்கம் உண்டு என்று ஒரு வரி இருந்தது. அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்குள், அம்மாவோ அக்கா தங்கையோ 65 வயதுக்குள் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால், அந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று நாங்கள் கணக்கில் எடுப்போம். அப்பாவுக்கு 54. தூக்கத்தில் போனதற்குக் காரணம் என்ன என்று அப்போது பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் சோதனை முடிவு வந்துவிட்டால் உங்கள் தம்பியின் கணக்கு மாறிவிடும். அவருக்கு இன்றே போன் பண்ணுங்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்க்கா" என்றுதான் சொல்வார். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். படி ஏறினால் எந்த மாடியில் நிற்கிறாய் என்று கேளுங்கள்.